பச்சை விளக்கு எரிந்த மூன்று மணி நாற்பது நிமிடம்

என் பெயர், தந்தை பெயர், வீட்டு எண் ஆகியவை இத்தாளின் மேற்கட்டத்தில் நிரப்பப்பட்டுள்ளன. படித்துப் பார்த்தேன், சரியாக உள்ளன. வயது ஐம்பத்தொன்று. நீதிமன்றக் கட்டடத்துக்குப் பின்தெருவில், சாவி வெட்டும் கடைக்கு மேல் இரண்டாம் மாடியில், மனைவியுடன் குடியிருக்கிறேன். சட்டம் படித்துப் பட்டம் பெற்றவன். ஆறு ஆண்டுகள் வழக்காடினேன். நீதிபதிமுன் எழுந்தால் குரல் நடுங்கும் குறை தீராததால் அத்தொழிலை விட்டுவிட்டு, பதினோரு ஆண்டுகளாக இந்நீதிமன்றத்தின் ஒலிப்பதிவு அறைப் பொறுப்பாளராக இருந்து வருகிறேன். இன்று வெள்ளிக்கிழமை முற்பகல் பதினொன்றரை மணிக்கு, எவரும் அழைக்காமல் நானாக இக்காவல் நிலையத்துக்கு வந்தேன். நான் சொல்வது எனக்கு எதிராகவே பயன்படலாம் என்று பதிவு செய்யும் அதிகாரி எடுத்துச் சொன்னார். அது எனக்குத் தெரியும் என்றேன்.

எங்கள் அறை நான்காம் மாடியில், பெரிய விசாரணைக் கூடத்தை ஒட்டி உள்ளது. கூடத்தின் ஆறு மைக்குகளும் ஒரே கணினிக்கு வருகின்றன. அக்கணினியில் ஒலியை வாங்குவதற்கென்று தனி அட்டை ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. அந்த அட்டையோடு இயங்குதளம் பேசுவதற்கு டிரைவர் என்ற சிறு நிரல் வேண்டும். இயங்குதளத்தின் நடுப்பகுதியான கெர்னல் எந்தப் பதிப்போ அந்தப் பதிப்புக்கென்றே டிரைவரைக் கட்டியிருக்க வேண்டும். கெர்னல் மாறினால் டிரைவரையும் மீண்டும் கட்ட வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் சுருக்கெழுத்தர் பணியிடம் எடுக்கப்பட்டுவிட்டபடியால், சாட்சிகள் சொல்வதற்கு இந்தப் பதிவு ஒன்றே ஆதாரம். இதைக் கேட்டுத்தான் தட்டச்சுப் பிரிவில் எழுத்தாக்குகிறார்கள். நீதிபதி தம் கையால் குறிப்பு மட்டுமே எழுதுவார்.

ஆகவே தினமும் காலை கூடம் தொடங்குமுன் ஒவ்வொரு மைக்கிலும் ஒன்று முதல் ஆறு வரை எண்ணிப் பேசி, பதிவானதை ஓட்டிக் கேட்டு, பதிவேட்டில் அந்நாளுக்குரிய கட்டத்தில் கையெழுத்திட வேண்டும். இவ்விதியை எழுதியவன் நான். ஏறத்தாழ ஓராண்டாக, திங்கட்கிழமை காலையிலேயே அந்த வாரத்தின் ஐந்து கட்டங்களிலும் கையெழுத்திட்டு வந்தவனும் நானே. இதற்கு யாரும் என்னை வற்புறுத்தவில்லை. பேனா கையில் இருந்தது, கட்டங்கள் அடுத்தடுத்து இருந்தன என்பதைத் தவிர வேறு காரணம் கூற இயலவில்லை.

பதினெட்டு நாட்களுக்கு முன், சம்பவத்துக்கு முந்தைய நாளான திங்கட்கிழமையன்று, எல்லாக் கணினிகளிலும் பாதுகாப்புக் கருதி வெள்ளிக்கிழமைக்குள் கெர்னலைப் புதுப்பிக்க வேண்டுமென்று தலைமை அலுவலகச் சுற்றறிக்கை வந்தது. எதையும் முதலில் உதிரிக் கணினியில் செய்து பார்க்க வேண்டும் என்பதும் நான் எழுதிய விதியே. உதிரிக் கணினி அலமாரியில் பெட்டிக்குள் இருந்தது. அதன் திரையைப் பதிவாளர் அறைக்கு நான் இரவல் கொடுத்திருந்தேன். திரும்பக் கேட்கக் கூச்சப்பட்டேன். ஆகையால் மாலை ஐந்தே கால் மணிக்கு, பதிவுக் கணினியிலேயே நேரடியாகப் புதுப்பிக்கத் தொடங்கினேன்.

அச்சமயம் என்னுடன் இருந்தவர் ஒப்பந்தப் பணியாளரான ஒயர்க்காரர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவராயினும், கட்டடம் முழுவதும் அவரை 'ஒயர் அண்ணன்' என்றே அழைக்கும். நானும் அப்படித்தான் அழைப்பேன். அவர் மேசைக்கு அடியில் படுத்து, தொங்கிய ஒயர்களைப் பிளாஸ்டிக் பட்டையால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். எந்த ஒயரையும் அவர் பிடுங்கவோ மாற்றவோ இல்லை. நான் என்ன செய்கிறேன் என்று கீழேயிருந்தே கேட்டார். கெர்னல் மாற்றுவதாகச் சொன்னேன். "மூளைய மாத்துறீங்களா சார்? அப்ப காதுகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டு மாத்துங்க" என்றார். நான் சிரித்தேன்.

அதன் பிறகு திரையில் வரிகள் ஓடின. ஐந்து ஐம்பத்தெட்டுக்கு அவை நிற்கும் தறுவாயில், சிவப்பெழுத்தில் ஒரு வரி வந்தது. துணைக்கோப்புகள் இல்லாததால் ஒலி அட்டையின் டிரைவரைப் புதிய கெர்னலுக்குக் கட்ட முடியவில்லை என்பது அதன் பொருள். அந்த வரியை நான் பார்த்தேன். கவனிக்கவில்லை என்றோ, புரியவில்லை என்றோ சொல்ல எனக்கு வழியில்லை. பார்த்தேன், படித்தேன், புரிந்துகொண்டேன். எங்கள் கட்டடத்தில் ஆறு மணிக்கு லிஃப்ட்டை நிறுத்திவிடுவார்கள். எனக்கு வலது முழங்காலில் வலி உண்டு. கணினியை மறுதொடக்கம் செய்யும் பொத்தானை அழுத்திவிட்டுப் பையை எடுத்தேன். ஒயர் அண்ணன் மேசைக்கடியிலிருந்து எழுந்து, தலைமுடியில் ஒட்டிய தூசியைத் தட்டியவாறே, "ஒரு தடவை பேசிப் பாத்துடலாமா சார்? ரெண்டே நிமிஷம்" என்றார். "காலையில பாத்துக்கலாம்ணே" என்றேன். லிஃப்ட் கிடைத்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை நான் ஒன்பதே முக்கால் மணிக்கு வந்தேன். ஒயர் அண்ணன் எனக்கு முன்பே வந்து பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். செவ்வாய்க் கட்டத்தில் என் கையெழுத்து இருந்தது. "கையெழுத்து இருக்கே, அப்ப பாத்தாச்சா சார்?" என்று கேட்டார். நான் "ம்" என்றேன். அந்த "ம்" ஆம் என்ற பொருளிலேயே சொல்லப்பட்டது, அவரும் அப்பொருளிலேயே எடுத்துக்கொண்டார் என்பதைப் பதிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். என்னை நம்பியதால் அவர் மைக்கில் பேசிப் பார்க்கவில்லை.

அன்று கூடத்தில் சலவை ஆலை வழக்கு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த ஆலையில் நீராவிக் குழாய் வெடித்தபோது பின்கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்ததால் உள்ளே இருந்த பெண்ணொருவர் இறந்துபோனார். ஆலை மேலாளர்மீது வழக்கு. கதவுக்கு வெளியே நின்று அதைத் திறக்க முயன்றவர் இறந்தவரின் அக்காள். அவரே முக்கிய சாட்சி. இரண்டு ஆண்டுகளாக நான்கு தவணைகளில் வந்து, நான்கு முறையும் பேச முடியாமல் திரும்பிப் போனவர். செவ்வாய்க்கிழமை அவர் கூண்டில் ஏறி, கைப்பையை இரு கைகளாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "ஐயா, இத என்னால ஒரு தடவைதான் சொல்ல முடியும்" என்றார். நீதிபதி தம் மேசைமேல் இருந்த பச்சை விளக்கைக் காட்டி, "ஒரு தடவை போதும்மா. எல்லாம் பதிவாகுது. நிதானமா சொல்லுங்க" என்றார். நான் எங்கள் அறை வாசலில் நின்று இதைக் கேட்டேன்.

அதன் பிறகு காலை பத்து நாற்பது முதல் பிற்பகல் இரண்டு நாற்பது வரை, இடையில் இருபது நிமிட ஓய்வு நீங்கலாக, அவர் பேசினார். விளக்கு எரிந்தது. பதிவு மென்பொருளில் நேரம் ஓடியது. குரலுக்கேற்ப ஏறி இறங்கும் கோடுகள் அம்மென்பொருளில் உண்டு. அவை கண்ணோரத்தில் துள்ளுவது தொந்தரவாக உள்ளது என்று நீதிபதி இரண்டு மாதங்களுக்கு முன் சொன்னதால், அவருடைய திரையிலிருந்து மட்டும் எடுத்திருக்க வேண்டியதை, வேலை சுருக்கமாக முடியட்டுமென்று என் திரையிலிருந்தும் எடுத்திருந்தேன். நடுவில் ஒருமுறைகூட நான் காதுக்கருவியை மாட்டிக் கேட்கவில்லை. வாசலில் நின்று அந்தப் பெண் பேசுவதையே கேட்டுக்கொண்டிருந்தேன். கதவின் மறுபக்கத்திலிருந்து தங்கை தம்மிடம் சொன்ன வார்த்தைகளை அவர் சொன்னபோது, கூடத்தில் மின்விசிறிச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

பிற்பகல் மூன்றரை மணிக்குத் தட்டச்சுப் பிரிவின் மூத்த பணியாளர், நாங்கள் டைப்பிஸ்ட் அம்மா என்று அழைப்பவர், காதுக்கருவியைக் கழுத்தில் போட்டபடியே என் அறைக்கு வந்தார். "சார், ஒரு சத்தமும் வரல. என் காதுதான் அவுட்டாயிடுச்சோன்னு பக்கத்துல இருக்கிறவள திட்டிப் பாத்தேன். அவ திருப்பித் திட்டினது நல்லாவே கேட்டுது" என்றார். அவர் சிரித்தார், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அதன் பிறகு நான் செய்தவற்றை வரிசைப்படியே கூறுகிறேன். கோப்பைத் திறந்தேன். மூன்று மணி நாற்பது நிமிட நீளம் சரியாக இருந்தது. ஒலியின் அளவைப் பன்மடங்கு கூட்டினேன். சாதாரணமாக ஆளில்லாத அறையைப் பதிந்தாலும் ஓர் இரைச்சல் இருக்கும். இதில் அதுவும் இல்லை. அதன் பிறகு, சிவப்பு வரி எனக்கு நன்றாக நினைவிருந்தும், நான் முதலில் சோதித்தது ஒயர்களை. முதலாம் மைக்கின் ஒயரை மாற்றினேன். பிறகு இரண்டாவது, மூன்றாவது. குற்றம் ஒயரில் இருக்க வேண்டுமென்று விரும்பினேன். ஒயர்கள் அனைத்தும் நன்றாகவே இருந்தன. முந்தைய நாள் மாலை கட்டப்பட்ட பட்டைகள் ஒரே அளவில் நறுக்கப்பட்டு, ஒரே பக்கம் பார்த்தபடி இருந்தன.

அதன் பிறகு கருவிப் பட்டியலைத் திறந்தேன். ஒலி அட்டை அதில் இல்லை. உண்மையான ஒலிக்கருவி எதுவும் கிடைக்காதபோது, மென்பொருள்கள் முடங்காதிருக்க, இயங்குதளம் அந்த இடத்தில் ஒரு போலிக் கருவியை வைக்கும். அது கேட்பதுபோல் இருக்கும், எதையும் கேட்காது. பதிவு மென்பொருள் அன்று முழுவதும் அந்தப் போலிக் கருவியிடமிருந்து மௌனத்தை வாங்கிச் சேமித்திருந்தது. கணினியை நிறுத்தி, தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். மைக்கில் ஒன்று, இரண்டு என்றேன். என் குரல் திரும்ப வந்தது. புதிய கெர்னலுக்கு மாற்றினேன், வரவில்லை. தற்செயல் அன்று என்று உறுதிப்பட இப்படி மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தேன். அதன் பிறகு விடுபட்ட துணைக்கோப்புகளை நிறுவி, டிரைவரைப் புதிய கெர்னலுக்குக் கட்டினேன். எல்லாம் சரியாயிற்று. கோப்புகளை நிறுவியதிலிருந்து ஒலி வரும்வரை பதினொரு நிமிடம் ஆயிற்று. கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

மாலை ஐந்து மணிக்குப் பதிவாளர் எழுத்து விளக்கம் கேட்டார். ஒரே வாக்கியத்தில் எழுதினேன். நகல் இணைக்கப்பட்டுள்ளது. "முந்தைய நாள் மாலை நடைபெற்ற பராமரிப்புப் பணியைத் தொடர்ந்து, மைக்குகளுக்கும் கணினிக்கும் இடையிலான தொடர்பில் ஏற்பட்ட குறைபாட்டினால் ஒலி பதிவாகவில்லை, குறைபாடு தற்போது சரிசெய்யப்பட்டுள்ளது" என்பது அது. இதில் ஒரு சொல்லும் பொய்யன்று. பொய் வராதபடிதான் அரைமணி நேரம் அதைச் செதுக்கினேன். பதிவாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "பராமரிப்புன்னா? யாரு கை வெச்சது?" என்று கேட்டார். "நேத்து சாயந்தரம் ஒயர் வேலை நடந்துச்சு ஐயா" என்றேன். அதுவும் பொய்யன்று. நான் சட்டம் படித்ததனால் எனக்குக் கிடைத்த பயன் இவ்வளவே.

புதன்கிழமை காலை ஒயர் அண்ணனை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். அவருடைய தங்கையின் கணவர் சலவை ஆலையில் வேன் ஓட்டுபவர் என்பது வியாழக்கிழமை தெரியவந்தது. ஒயர் அண்ணன் சாட்சியத்தை வேண்டுமென்றே அழித்ததாக அரசுத் தரப்பு வழக்கறிஞர் புகார் கொடுத்தார். மறுநாள் நிலையத்துக்கு வரச் சொல்லியிருப்பதாக வியாழக்கிழமை மாலை ஒயர் அண்ணன் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். "சார், நீங்க கூடவே இருந்தீங்கல்ல. நான் வெறும் பட்டைதானே கட்டினேன்? மச்சான் அங்க வேன் ஓட்டுறான்னா அதுக்கு நான் என்ன சார் பண்ணுவேன்? அவன் எனக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்ததில்ல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்க" என்றார். "எழுத்துல கேட்டாங்கன்னா எழுத்துல பதில் சொல்றேன்ணே" என்றேன். அவர், "சரி சார், உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லி வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை முதல் இன்றுவரை பதினான்கு நாட்களாக அவர் காவலில் இருக்கிறார். என்னிடம் எவரும் எழுத்தில் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நேற்று வியாழக்கிழமை அந்தப் பெண் மீண்டும் அழைக்கப்பட்டார். நான் காலை எட்டு மணிக்கே சென்று ஆறு மைக்குகளையும் பேசிப் பார்த்துவிட்டு, காதுக்கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதே கைப்பையுடன் வந்தார். ஏன் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது என்பதை நீதிபதி அவருக்கு விளக்கி, வருத்தம் தெரிவித்தார். அந்தப் பெண் மேசைமேல் இருந்த விளக்கைப் பார்த்து, "அன்னைக்கும் இது எரிஞ்சுதுங்களே" என்றார். அதன் பிறகு அவர் பேசியது பன்னிரண்டு நிமிடம். கதவருகே தங்கை என்ன சொன்னார் என்று வழக்கறிஞர் மூன்று முறை கேட்டார். "அன்னைக்கே சொல்லிட்டேன்" என்று மூன்று முறையும் சொன்னார். அந்த மூன்றும் தெளிவாகப் பதிவாகியுள்ளன.

நேற்று மாலை வீட்டுக்குச் சென்றதும் நடந்த அனைத்தையும் என் மனைவியிடம் சொன்னேன். அதுவரை ஒயர் அண்ணன்தான் ஏதோ செய்துவிட்டார் என்று அவரும் எண்ணியிருந்தார். "அந்த லெட்டர்ல என்னதான் எழுதினீங்க, படிங்க" என்றார். படித்தேன். மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். "எல்லாம் சரிங்க. இதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, அடுப்பை அணைக்க எழுந்து போனார்.

ஆகவே கீழ்க்கண்டவற்றை இன்று ஒப்படைக்கிறேன்: சிவப்பு வரி நேரத்துடன் பதிவாகியுள்ள கணினிக் குறிப்பின் அச்சுப்படி, பழைய கெர்னலிலும் புதிய கெர்னலிலும் மாறி மாறிச் செய்த சோதனையைப் பற்றி நான் கையால் எழுதிய குறிப்பு, அசல் பதிவேடு. பதிவேட்டில் அந்த வாரத்துக்குரிய ஐந்து கட்டங்களிலும் ஒரே பேனாவால், ஒரே சாய்வில் என் கையெழுத்து இருப்பதைக் காணலாம். ஒயர் அண்ணன் மூன்று ஆண்டுகளில் ஒரு கட்டத்திலும் கையெழுத்திட்டதில்லை; அந்த உரிமையை நான் அவருக்குக் கொடுக்கவில்லை. பதிவு இழக்கப்பட்டதற்கு அவர் எவ்வகையிலும் காரணம் அல்லர். காரணம் நான். செவ்வாய்க்கிழமை காலை வரை அது என் சோம்பல். அன்று மாலை ஐந்து மணி முதல் நேற்று வரை அது என் கோழைத்தனம். இரண்டையும் ஒன்றாகக் கருத வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கை சொன்ன வார்த்தைகளை நான் வாசலில் நின்று கேட்டேன் அல்லவா, அவற்றை இங்கே சொல்லலாமே என்று அதிகாரி கேட்டார். அவை எனக்கு நினைவிருக்கின்றன. இந்த வாக்குமூலம் ஒயர் அண்ணன்மீதான குற்றச்சாட்டைப் பற்றியது. அவ்வார்த்தைகளுக்கு இதில் இடமில்லை. நீதிபதி என்னைச் சாட்சியாக அழைத்தால், என் குரல் எப்படி நடுங்கினாலும், அங்கே சொல்வேன். அதற்குமுன் அந்தப் பெண்ணிடம் கேட்பேன். என் வாயிலிருந்து வரும்போது அது அவருடைய சாட்சியத்துக்கு ஈடாகாது என்பதும் எனக்குத் தெரியும்.

வாக்குமூலம் இவ்விடத்தில் முடிந்தது. அதன் பிறகு நடந்ததையும் என் வேண்டுகோளின்படி சேர்த்து எழுதியிருக்கிறார்கள். அச்சு இயந்திரத்தில் மை தீர்ந்துவிட்டதால் கடைசித் தாள் வரவில்லை. அதிகாரி ஒரு வெற்றுத் தாளை நீட்டி, "இதுல கையெழுத்துப் போட்டு வெச்சுட்டுக் கிளம்புங்க சார். மை வந்ததும் நான் அடிச்சுக்கறேன். உங்களுக்கு எதுக்கு வீணா முழங்கால் வலி" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். "இருக்கேன் சார். அடிங்க. படிச்சுக் காட்டுங்க. அப்புறம் போடறேன்" என்றேன்.

காத்திருப்பதற்காக வெளிவராந்தாவிலுள்ள நீளப் பலகையில் சென்று உட்காரப் போனேன். அதில் ஒயர் அண்ணனின் மனைவி, பக்கத்தில் சாப்பாட்டு அடுக்குடன் உட்கார்ந்திருந்தார். அவரை நான் ஒருமுறை கண்டிருக்கிறேன். என்னைப் பார்த்ததும் நகர்ந்து, அடுக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டார். "வாங்க சார், உக்காருங்க. நீங்க வருவீங்கன்னு அவரு தினமும் சொல்லிட்டே இருந்தாரு" என்றார். நான் உட்கார்ந்தேன். "வந்திருக்கேம்மா. ரொம்ப லேட்டா வந்திருக்கேன்" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. நாற்பது நிமிடத்துக்குப் பிறகு மை வந்தது. வாக்குமூலத்தை உள்ளே வைத்து வாசிக்க வேண்டாம், இந்தப் பலகையருகே நின்று இவர் காதில் விழும்படி வாசியுங்கள் என்று அதிகாரியைக் கேட்டுக்கொண்டேன். அவர் தயங்கினார், பிறகு வாசித்தார். முதல் தாள் முடியும்வரை அந்த அம்மாள் என் பக்கம் திரும்பியே இருந்தார். நான் "ம்" என்று சொன்ன இடம் வந்தபோது முன்னால் பார்த்தார். தொலைபேசியில் நான் சொன்னதை அதிகாரி வாசித்தபோது, மடியிலிருந்த சாப்பாட்டு அடுக்கை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார்.

இதில் எழுதியிருப்பது முழுவதும் எனக்கு உரக்க வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னதற்குக் கூடுதலாகவோ குறைவாகவோ ஒன்றும் இல்லை. அனைத்தும் நான் அறிய நடந்தவை, உண்மையானவை. எழுத்து நிரம்பிய தாள்களில் மட்டும், ஒவ்வொன்றையும் கேட்டு முடித்த பின், இன்றைய தேதியிட்டுக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
ஒலிப்பதிவு அறைப் பொறுப்பாளர்

என் முன்னிலையில் வாசித்துக் காட்டி ஒப்பம் பெறப்பட்டது.
(ஒப்பம்)
பதிவு செய்த அதிகாரி